தாயில்லாக் குதிரைக்குட்டி: புட்டியா, வாளியா, வளர்ப்புத்தாயா?

இரவுப்பணி:
குட்டி ஈன்ற கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பெட்டைக் குதிரை போய்விட்டது. உள்ளுக்குள் ரத்தக்கசிவு என்றார் மருத்துவர். குட்டி பெண். எழுந்து நிற்கிறது, சுவரைச் சப்புகிறது, ஆள் பக்கத்தில் போனால் இடுப்பில் முட்டுகிறது. தாய் விழுவதற்கு முன்னால் காம்பைப் பிடித்ததைப் பார்த்தேன். எத்தனை மடக்கு உள்ளே போயிருக்கும் என்று தெரியவில்லை. மருத்துவர் மாலையில் மறுபடி வருகிறார். அதுவரை என்ன செய்ய, அதற்கு அப்புறம் என்ன செய்ய? கன்றுக்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் புட்டிப்பால் கொடுத்துப் பழக்கம் உண்டு. குதிரை இதுதான் முதல் தடவை.

ஊசிமருந்து:
முதல் வேலை சீம்பால். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் தாய் வயிற்றிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேரும். குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றை விடாது. குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பாலில் வருவதுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்தப் புரதங்களை அப்படியே உறிஞ்சுகிற திறன் குடலுக்கு முதல் ஆறு முதல் எட்டு மணி நேரம் நன்றாக இருக்கும். பிறகு மளமளவென்று குறைந்து 24 மணி நேரத்தில் கதவை அடைத்துவிடும்.

தாய் இறந்து அதிக நேரம் ஆகவில்லை என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு இப்போதே மடியைக் கறந்துவிடுங்கள். கையையும் மடியையும் நன்றாகக் கழுவி, சுத்தமான பாத்திரத்தில் கறந்து, துணியில் வடிகட்டினால் போதும். கடைசி நேரத்தில் தாய்க்கு என்னென்ன மருந்து போட்டார்கள் என்பதை மட்டும் மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். 45, 50 கிலோ குட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நல்ல சீம்பால் போக வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, 250 முதல் 300 மில்லி வீதம் மணிக்கு ஒரு தடவை.

போதவில்லை என்றால் குதிரைப் பண்ணைகளைக் கேளுங்கள். பலர் உறைநிலையில் சேமித்து வைத்திருப்பார்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து உருக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் நமக்கு வேண்டிய புரதமே கெட்டுப்போகும்.

நாளை, அதாவது பிறந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள், ரத்தத்தில் ஐஜிஜி, அதாவது சீம்பாலில் வந்த அந்த நோய் எதிர்ப்புப் புரதத்தின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழே என்றால் சீம்பாலே சேரவில்லை என்று அர்த்தம். அப்போது குடிக்கக் கொடுத்துப் பயனில்லை, பிளாஸ்மா, அதாவது வேறு குதிரையின் ரத்தத்திலிருந்து பிரித்த நீர்ப்பகுதி, ஏற்ற வேண்டியதுதான். இடைப்பட்ட அளவு என்றால் குட்டியின் நிலைமையையும் இடத்தின் சுத்தத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள்.

தொப்புளுக்குக் குளோர்ஹெக்சிடின் கரைசல் தடவுகிறீர்கள்தானே? கருப்பாக, பிசுக்காக முதல் மலம் போய்விட்டதா என்றும் பாருங்கள். வாலைத் தூக்கிக்கொண்டு முக்கிக்கொண்டே நின்றால் எனிமா தேவைப்படும்.

இரவுப்பணி:
நன்றி டாக்டர். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கறந்தோம். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது. முதல் புட்டியை ஒரே இழுப்பில் முடித்துவிட்டது.

ஊசிமருந்து:
ஒட்டினால் நல்ல சீம்பால்தான். மருத்துவரிடம் பிரிக்ஸ் மானி, அதாவது சீம்பாலின் தரத்தைக் காட்டும் சின்னக் கருவி, இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 20க்கு மேல் காட்டினால் பரவாயில்லை, 30 என்றால் பிரமாதம்.

பழைய சவாரி:
ஒரே இழுப்பு என்றதும் பயமாக இருக்கிறது. புட்டி கொடுக்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

கன்றுக்குட்டிக்குக் கொடுக்கும் பெரிய நிப்பிள் வேண்டாம், ஆட்டுக்குட்டி நிப்பிள்தான் குதிரைக்குட்டியின் வாய்க்குச் சரி. புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழலாம், ஒழுகக் கூடாது. குட்டி நின்றபடியோ, நெஞ்சை ஊன்றி உட்கார்ந்தபடியோ குடிக்கட்டும். பக்கவாட்டில் படுத்திருக்கும்போது கொடுக்காதீர்கள். தாயிடம் எப்படிக் குடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: கழுத்தை நீட்டி, மூக்கைக் கொஞ்சமாக மேலே தூக்கி. அந்த உயரத்தில் புட்டி இருந்தால் போதும். மனிதக் குழந்தைக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தலையை அண்ணாந்து பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும். புட்டியைப் பிதுக்கவே கூடாது.

குடித்து முடித்ததும் இரண்டு மூக்குத் துவாரத்தையும் பாருங்கள். பால் வழிந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுங்குவதில் கோளாறாக இருக்கலாம், அண்ணப்பிளவாகக்கூட இருக்கலாம். இன்னொன்று, உடம்பு சில்லென்று இருக்கிற குட்டிக்கோ, விரலை வாயில் விட்டால் சப்பாத குட்டிக்கோ புட்டி கொடுக்கக் கூடாது. அதற்கு டியூப் போடுவது மருத்துவர் வேலை.

புல்லுக்கட்டு:
சீம்பால் முடிந்ததும் பசும்பாலே போதும். நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம். தண்ணீர் கலந்து, ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டு. எதற்கு விலையுயர்ந்த பவுடர்?

ஊசிமருந்து:
அந்தச் சர்க்கரையில்தான் பிரச்சனை, புல்லுக்கட்டு. பிறந்த குதிரைக்குட்டிக்கு வெள்ளைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதுமான அளவில் இருக்காது. அது குடலில் அப்படியே தங்கித் தண்ணீரை இழுத்துக் கழிச்சலாக்கும். தேனும் வேண்டாம்.

பசும்பால் ஏன் நேரடியாக ஒத்துவராது என்றால், குதிரைப்பாலில் கொழுப்பு குறைவு, பால்சர்க்கரை அதிகம். குதிரைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம், லாக்டோஸ் 6 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் கொழுப்பு 3.5 முதல் 4, லாக்டோஸ் 5க்குக் கொஞ்சம் கீழே. அதனால் ஆபத்துக்குப் பசும்பால்தான் கிடைக்கும் என்றால், 2 சதவீதக் கொழுப்புள்ள பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்து கொடுக்கலாம். குளுக்கோஸ் என்றாலும் இதுதான். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் கொழுப்போடு சேர்ந்து மற்ற சத்தும் போய்விடும்.

குதிரைக்குட்டிக்கென்றே செய்த பால்மாவு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கன்றுக்குட்டி மாவு வாங்குகிறவர்கள் பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அதில் மொனென்சின் இருந்தால் தொடவே வேண்டாம். கன்றுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்ப்பது, குதிரைக்கு இதயத்தைத் தாக்கும் விஷம். புரதம் சோயாவிலிருந்து வருகிறது என்றாலும் தள்ளி வையுங்கள், பால்புரதம்தான் வேண்டும்.

இரவுப்பணி:
ஆட்டுப்பால்?

ஊசிமருந்து:
கொடுக்கலாம். குட்டிகள் விரும்பிக் குடிக்கும், பலர் அதிலேயே வளர்த்திருக்கிறார்கள். கொழுப்பு குதிரைப்பாலைவிட அதிகம், சில குட்டிகளுக்கு மலம் இறுகும். அதைக் கவனித்துக்கொண்டால் சரி. அடிக்கடி பாலை மாற்றுவதுதான் தப்பு. ஒன்றில் நில்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

அளவு: முதல் நாள் உடல் எடையில் பத்து சதவீதம். 50 கிலோ குட்டிக்கு 5 லிட்டர். ஒரு வாரத்துக்குள் 20 முதல் 25 சதவீதம் வரை ஏற்றிவிடலாம், அதாவது நாளுக்கு 10, 12 லிட்டர். தாயிடம் இருக்கும் குட்டி முதல் வாரத்தில் மணிக்குப் பல தடவை போய்ப் போய்க் குடிக்கும், வயிறு அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற அளவுதான். அதனால் முதல் சில நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடை ஏறினால் கணக்கு சரி. மாவைக் கெட்டியாகக் கரைத்து வேளையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். குடிதண்ணீர் தனியாக எப்போதும் வையுங்கள்.

இரவுப்பணி:
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பெயர் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் போல.

கடிவாளம்:
அதனால்தான் சொல்கிறேன், புட்டியை எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. வாளிக்கு மாற்றுங்கள். குட்டி திடமாக நின்று, நன்றாகச் சப்புகிறது என்றால் இரண்டாம் நாளே தொடங்கலாம்.

ஒரு வேளை கொஞ்சம் தாமதித்துப் பசி வரட்டும். அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் வெதுவெதுப்பான பால். பாத்திரம் அடர் நிறத்தில் இருந்தால் பால் மட்டம் குட்டிக்குக் கண்ணில் படும். சுத்தமான விரலைப் பாலில் தோய்த்துச் சப்பக் கொடுங்கள். சப்பச் சப்பக் கையை மெல்ல இறக்கிப் பாத்திரத்துக்குள் கொண்டுபோங்கள். உதடு பாலைத் தொட்டதும் தும்மும், தலையைத் தூக்கும், உங்கள் சட்டை முழுக்கப் பால் தெறிக்கும். தலையைப் பிடித்து அமுக்காதீர்கள். பாத்திரத்தை அதன் வாய்க்குக் கொண்டுவாருங்கள், அதன் வாயைப் பாத்திரத்துக்குத் தள்ளாதீர்கள். மறுபடி விரல், மறுபடி பால். விரலைச் சுற்றி உறிஞ்சத் தொடங்கியதும் விரலை நைசாக எடுத்துவிடுங்கள். சில குட்டிக்கு ஒரே வேளையில் பிடிபட்டுவிடும், சிலது ஒரு நாள் முழுக்க அடம் பிடிக்கும்.

பழகியதும் வாளியைக் குட்டியின் நெஞ்சு உயரத்தில் சுவரில் மாட்டிவிடலாம். ஒருநாள் பாலை ஒரேயடியாக ஊற்றிவைக்காமல் பகுதி பகுதியாக ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இன்னும் அடிக்கடி மாற்றி, ஒவ்வொரு தடவையும் வாளியைக் கழுவுங்கள். குளிர்ந்த பாலையே குடிக்கப் பழகிவிட்டால் அது நினைத்த நேரத்தில் போய்க் குடிக்கும், நீங்களும் தூங்கலாம்.

புல்லுக்கட்டு:
புட்டியில் கொடுத்தால்தான் பாசம் வரும். வாளியை மாட்டிவிட்டுப் போய்விட்டால் அது என்ன வளர்ப்பு?

பழைய சவாரி:
பாசம் வரத்தான் செய்யும் நண்பரே, அந்தப் பாசத்தின் எடை பிற்பாடு 400 கிலோ ஆகிவிடும்.

புட்டியில் வளர்ந்த ஒரு ஆண்குட்டியை மூன்று வயதில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். சவாரிக்குப் பழக்கித் தர வேண்டுமாம். லாயக் கதவைத் திறந்ததும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆள் தோளில் போட்டது. கோபமே இல்லை, விளையாட்டு! சின்ன வயதில் அப்படித் தோளில் கால் போட்டபோது எல்லோரும் சிரித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கை நீட்டினால் கடிக்கும். விரட்டினால் பயந்து ஓடாது, திரும்பி நின்று உதைக்கும். மற்ற குதிரைகளோடு விட்டாலோ வேலி ஓரமாக நின்று மனிதர்களைப் பார்த்துக் கனைத்துக்கொண்டிருக்கும். சாதாரணமாக வளர்ந்த குதிரைக்கு மனிதனிடம் ஒரு தயக்கம் இருக்கும், அதை வைத்துத்தான் பழக்குகிறோம். இதற்கு அது துளியும் இல்லை. அதைத் திருத்தப் பட்டபாட்டில் நாலு புதுக் குதிரைகளைப் பழக்கியிருக்கலாம்.

தாய்க்குதிரை குட்டியை நக்கும், பால் கொடுக்கும். அதே தாய், மடியை அதிகமாக முட்டினால் காதைப் பின்னுக்கு மடக்கி ஒரு கடி கொடுக்கும். இந்த இரண்டாவது வேலையை நாம் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. பாவம், தாயில்லாத குட்டி என்று விட்டுவிடுகிறோம்.

இரவுப்பணி:
இது எனக்கு உறைத்தது. என் பிள்ளைகள் ஏற்கெனவே அதை நாய்க்குட்டி மாதிரி கொஞ்சிக்கொண்டு கிடக்கிறார்கள். தொடவே கூடாதா?

பழைய சவாரி:
தொடலாம், வேலையாகத் தொடுங்கள். தலைக்கயிறு போடுவது, காலைத் தூக்கி வைப்பது, வெப்பமானி வைப்பது, நாலு அடி கூட நடப்பது. ஐந்து பத்து நிமிடம், அப்புறம் வெளியே வந்துவிடுங்கள். முட்டினால், கடித்தால், பின்பக்கத்தைத் திருப்பினால் உடனே சத்தமாக ஒரு அதட்டல், தோளில் ஒரு தள்ளல், அதை உங்கள் இடத்தைவிட்டு நகர வைப்பது. அடிக்கத் தேவையில்லை. தாமதமாகக் கண்டித்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும்.

கடிவாளம்:
எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வாரத்திலேயே வளர்ப்புத்தாய் கிடைக்குமா என்று தேடுங்கள். குட்டியை இழந்த பெட்டை எங்காவது இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். நான் வேலை பார்த்த பண்ணையில் இதை அடிக்கடி செய்வோம்.

பெட்டையின் மடி கனத்திருக்க வேண்டும், குட்டிக்குப் பசி இருக்க வேண்டும். அந்தப் பெட்டையின் பாலையும் லத்தியையும் குட்டியின் முதுகிலும் வால்பக்கத்திலும் தடவுவோம், தாய் முதலில் முகர்வது அங்கேதான். பெட்டையின் மூக்கில் மெந்தால் களிம்பு கொஞ்சம். பெட்டையின் தலையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் குட்டியை மடிப்பக்கம் கொண்டுவருவார். உதைத்தால் குட்டி தப்பிக்க ஒரு தடுப்புப் பலகை கட்டாயம். சில மணி நேரத்தில் ஒத்துக்கொள்வதும் உண்டு, இரண்டு மூன்று நாள் இழுப்பதும் உண்டு. அதுவரை இரண்டையும் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் பால் கொடுப்பது அல்ல. பிடித்து நிறுத்தினால் எந்தப் பெட்டையும் கொடுக்கும். குட்டியை அப்பால் கொண்டுபோகும்போது தாழ்ந்த குரலில் கனைத்தால், நமக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நின்றால், அப்போதுதான் மூச்சு விடலாம்.

ஊசிமருந்து:
கூடுதலாக ஒன்று. முன்பு ஈன்று, இப்போது சும்மா இருக்கிற பெட்டைக்கும் ஹார்மோனும் டோம்பெரிடோனும் கொடுத்துப் பால் சுரக்கவைக்க முடியும். பால் இறங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் முதல் நாளிலேயே மருத்துவரிடம் பேச்சை எடுத்துவிடுங்கள்.

இரவுப்பணி:
தகவல் ஒன்று. ஐஜிஜி 800க்கு மேல் வந்தது. வாளியில் குடிக்கிறது. வளர்ப்புத்தாய் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் இன்று ஒரு புதுப் பயம்: இரண்டாவது வாரம் நடக்கிறது, காலையிலிருந்து கழிச்சல். அதோடு பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் கிழட்டுக் குதிரையின் லத்தியைத் தின்கிறது. அதனால்தானோ?

ஊசிமருந்து:
இல்லை. லத்தி தின்பது இயல்பு, தாயோடு இருக்கும் குட்டியும் தாயின் லத்தியைத் தின்னும். குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிகள் அப்படித்தான் வந்து சேரும் என்று கருதுகிறோம். அந்தக் கிழட்டுக் குதிரை ஆரோக்கியமாக, குடற்புழு மருந்து கொடுக்கப்பட்டதாக இருந்தால் தடுக்க வேண்டாம்.

முதல் வாரக் கடைசியிலிருந்து இரண்டாம் வாரத்துக்குள் வரும் லேசான கழிச்சல் பெரும்பாலான குட்டிகளுக்கு உண்டு. தாய்க்குதிரை மறுபடி பருவத்துக்கு வரும் சமயத்தோடு ஒத்துப்போவதால், தாய்ப்பால்தான் காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். தாயில்லாத குட்டிக்கும் வருகிறதே! குடல் மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வாலுக்குக் கீழே கழுவித் துடைத்து, தோல் வெந்துபோகாமல் வாஸ்லின் தடவுங்கள்.

காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, பாலை விட்டாலோ, தண்ணீராகப் பீய்ச்சினாலோ, சோர்ந்து படுத்தாலோ இது அந்தக் கழிச்சல் இல்லை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வயதில் உடம்பில் தண்ணீர் வற்ற ஒரு ராத்திரி போதும்.

இரவுப்பணி:
காய்ச்சல் இல்லை, வாளி காலி. பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கிழட்டுக் குதிரையையே துணைக்கு விடலாமா? காயடித்தது, சாது.

பழைய சவாரி:
அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது! முதலில் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மூக்கோடு மூக்கு வைக்கட்டும். குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிப் பல்லைத் தட்டும். ‘நான் சின்னப்பிள்ளை, என்னை ஒன்றும் செய்யாதே’ என்று பெரிய குதிரைகளிடம் குட்டிகள் காட்டும் மரியாதை அது. உங்கள் குட்டி அதைச் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் இன்னும் தன் இனத்தை மறக்கவில்லை. கிழவர் காதை மடக்காமல் இருந்தால் பெரிய இடத்தில், குட்டி ஓடி ஒதுங்க வசதியோடு, பக்கத்தில் ஆள் நின்றபடி சேர்த்துவிடுங்கள். குட்டியின் தீவனத்தைப் பெரியவர் நுழைய முடியாத தடுப்புக்குள் வையுங்கள், இல்லையென்றால் அவர் கொழுத்துவிடுவார்.

புல்லுக்கட்டு:
எங்களுடையதற்கு ஆடுதான் துணை. ராத்திரி கத்தாமல் படுத்துக்கொண்டது.

பழைய சவாரி:
தனிமைக்கு ஆடு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டை உதைத்தால் ஆடு விலகிப் போகும், குதிரை திருப்பிக் கொடுக்கும். உங்கள் குட்டிக்கு அந்தப் பாடம் எங்கிருந்து கிடைத்தது?

புல்லுக்கட்டு:
கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். லாடம் அடிக்க வருகிறவர் இன்னும் எங்கள் குதிரையைப் பற்றிக் குறை சொல்கிறார்.

இரவுப்பணி:
கிழவரோடு சேர்ந்துவிட்டது. பல் தட்டியது, பார்த்தேன்! மூன்றாம் நாள் அவர் உலர்புல்லில் வாய் வைத்துக் காதில் ஒரு கடி வாங்கியது. இப்போது அவர் சாப்பிடும்போது ரெண்டடி தள்ளி நிற்கிறது, என்னிடமும் முட்டல் குறைந்திருக்கிறது. குட்டித் தீவனத்தையும் நக்கத் தொடங்கிவிட்டது. பாலை எப்போது நிறுத்தலாம்? வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முன்னங்கால் குளம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஊசிமருந்து:
பால்: மூன்று மாதம் வாக்கில். மாதத்தைவிடத் தீவனக் கணக்குதான் முக்கியம். 16 முதல் 18 சதவீதப் புரதமுள்ள குட்டித் தீவனத்தை நாளுக்கு இரண்டு கிலோவுக்குக் குறையாமல் தின்கிறது என்றால், ஒன்றிரண்டு வாரத்தில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம்.

வயிறு: இப்படி வளரும் குட்டிகளிடம் சகஜம். தீவனத்தில் நல்ல புரதம் இருக்கிறதா, முரட்டுப் புல்லால் வயிறு நிறைகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்தை ஒட்டிக் குடற்புழு மருந்து. எது, எவ்வளவு என்பதை லத்திப் பரிசோதனையோடு உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும், உருண்டைப்புழுக்கள் சில மருந்துகளுக்கு மசிவதில்லை. டெட்டனஸ் தடுப்பூசித் தேதியையும் அப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்ததா என்று கேட்பார். முதல் மாதங்களில் தாயோடு இருக்கும் குட்டிகளைவிடச் சின்னதாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம், பெரும்பாலும் பின்னால் எட்டிப் பிடித்துவிடும்.

கால்: நேர்முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புங்கள். முழங்காலும் குளம்பும் சேர்ந்தே லேசாக வெளியே பார்க்கிறது என்றால் ஒடுங்கிய நெஞ்சுதான் காரணம், நெஞ்சு அகலும்போது தானாகச் சரியாகும். கணுக்கால் மூட்டில் மட்டும் கோணல் என்றால் காத்திருக்க நேரமில்லை, அங்கே எலும்பு வளரும் வேகம் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

இரவுப்பணி:
படம் போட்டிருக்கிறேன். கிழவர் குறுக்கே வந்துவிட்டார், அவர் கால் எது குட்டி கால் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமருந்து:
பார்த்தேன். முழங்காலும் சேர்ந்துதான் திரும்பியிருக்கிறது, கணுக்கால் நேராக இருக்கிறது. லாடக்காரர் வரும்போது குளம்பு ஓரத்தை லேசாக ராவிச் சமன் செய்யச் சொல்லுங்கள், போதும்.